ஐஸ் பெட்டி மூடியில் எழுதிய கட்டளைகள்

எண்பதுகளின் கடைசியில், பழவேற்காட்டில் படகுகள் வந்து அணையும் கரைக்குப் பக்கத்தில் ஓர் இறால் கம்பெனியின் கிளை இருந்தது. அங்கே நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். இப்படி எழுதும்போது 'பெருமைக்காகச் சொல்லவில்லை' என்று ஆரம்பிப்பார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது.

போன் இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய ஊருக்கு அந்தக் கம்ப்யூட்டர் இறால் வேனில் வந்து இறங்கியது. பார்க்க ஒரு கூட்டமே வந்தது. 'படம் தெரியுமா?' என்று கேட்டார்கள். பச்சை எழுத்து மட்டும்தான் தெரியும் என்றதும் பாதிப் பேர் கலைந்துவிட்டார்கள். டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்து, தினமும் பஸ் ஏறி மெட்ராஸ் போய் கம்ப்யூட்டர் படித்தவள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த அலைச்சல்?' என்று சொந்தக்காரர்கள் கேட்டபோதெல்லாம், வலை நூல் கடை வைத்திருந்த என் வாப்பா காது கேட்காதவர் போல நூல் கண்டை எடுத்துச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்.

வேலை இதுதான். காலையில் படகுகள் வந்ததும் தராசில் நிற்கும் அக்கா, எந்த ஊர்ப் படகு, என்ன ரக இறால், எவ்வளவு எடை என்று குரல் கொடுப்பார். நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். ஒவ்வொரு நாளுக்கும் தேதியையே பெயராகக் கொண்டு ஒரு ஃபைல். சாயங்காலம் அதை ஃப்ளாப்பியில் எடுத்து, ஐஸ் தண்ணீர் படாமல் இருக்க ஒரு டிபன் பாக்ஸில் போட்டு, மெட்ராஸ் கிளம்பும் வேன் டிரைவர் கையில் கொடுக்க வேண்டும். இறாலும் அதன் விவரமும் ஒரே வேனில் போகும்.

சொல்லும்போது சுலபம். அந்தக் காலத்து மெஷினில் தொட்டால் திறக்கிற படமெல்லாம் கிடையாது. கறுப்புத் திரையில் ஒவ்வொரு கட்டளையையும் எழுத்து எழுத்தாக அடிக்க வேண்டும். ஃபைலை ஃப்ளாப்பிக்கு ஒரு காப்பி, மெஷினுக்குள்ளேயே 'பெட்டி' என்று நான் பெயர் வைத்திருந்த இடத்துக்கு இன்னொரு காப்பி, இரண்டும் சரியா என்று ஒப்பிட ஒரு கட்டளை, பிரிண்டருக்கு ஒன்று, கடைசியில் உள்ளே சுற்றுகிற டிஸ்க்கின் முள்ளை ஓரமாக நிறுத்த ஒன்று. அதன் பிறகுதான் சுவிட்சை அணைக்கலாம். ஓர் எழுத்து தப்பினாலும் 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று இங்கிலீஷில் முகத்தில் அடிக்கும். வெளியே டிரைவர் ஹாரன் மேல் ஹாரன் அடிப்பார். ஐஸ் உருகும். எனக்கு வியர்க்கும்.

மெஷினோடு ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் வந்திருந்தது. படகு வராத நாட்களில் அதைப் புரட்டுவேன். அதில் ஒரு நாள் 'பேட்ச் ஃபைல்' என்ற பகுதி கண்ணில் பட்டது. தினமும் அடிக்கிற கட்டளைகளை எல்லாம் வரிசையாக ஒரே ஃபைலில் எழுதி ஒரு பெயர் வைத்துவிட வேண்டியது. பிறகு அந்தப் பெயரை மட்டும் அடித்தால் போதும், மெஷின் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் தானே செய்யும். படித்ததும் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். என்ன பெயர் வைப்பது? சாயங்காலம் ஓட வேண்டியது, அதனால் 'மாலை' என்று இங்கிலீஷ் எழுத்தில் வைத்தேன். காலையில் வேலையைத் தொடங்கி வைக்க இன்னொன்று, அதற்குப் பெயர் 'காலை'.

முதல் நாள் 'மாலை' என்று அடித்து, பக்கத்தில் தேதியைப் போட்டு, என்டரைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் வரிகள் ஓடின, ஃப்ளாப்பி கரகரத்தது, பிரிண்டர் தானாகக் கத்த ஆரம்பித்தது. எட்டிப் பார்த்த டிரைவர், "இன்னாம்மா, மெஷினே எல்லா வேலையும் பண்ணுது. அப்ப உனுக்கு எதுக்கு சம்பளம்?" என்றார்.

"அது தானா பண்ணல அண்ணே. நான் சொல்லி வச்சதப் பண்ணுது" என்றேன். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் அதை மெருகேற்றுவதே என் பொழுதுபோக்காகிவிட்டது. எங்கள் ஊரில் கரென்ட் நினைத்தபோது போகும். பாதியில் போய்விட்டால் மறுபடி 'மாலை' அடிக்க வேண்டும். அப்போது அரைகுறையான ஃபைல் ஒன்று பழைய நல்ல ஃபைலின் மேல் உட்கார்ந்துவிட்டால்? அதற்காக ஒரு வரி சேர்த்தேன். பெட்டிக்குள் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால், அதை அழிக்காமல் 'பழசு' என்று வால் ஒட்டி ஓரமாக வைத்துவிட்டு, பிறகு புதியதை வை. இவ்வளவு முன்ஜாக்கிரதை தேவையா என்று எனக்கே அப்போது சிரிப்பாக இருந்தது.

இந்த நேரத்தில் நான் முழுகாமல் இருந்தேன். லீவு கேட்டதும் மெட்ராஸிலிருந்து கம்ப்யூட்டர் பிரிவு அதிகாரி வந்தார். உப்புக் காற்றும் கரென்ட் வெட்டும் உள்ள ஊரில் மெஷின் எதற்கு என்று அவருக்கு ஆரம்பத்திலிருந்தே ஓர் எண்ணம். நான் இல்லாத நாட்களில் ஒழுங்காக நடக்காவிட்டால் மெஷினை மெட்ராஸுக்கே எடுத்துப் போய்விடுவோம் என்றார். மெஷின் போனால் என் வேலையும் போகும். அதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

"அக்கா பாத்துப்பாங்க சார்" என்றேன்.

"தராசுல நிக்கிற அம்மாவா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டது.

அக்கா மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவர். இங்கிலீஷில் எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. அதனால் என்ன? என் இரண்டு கட்டளைகளும் தமிழ் வார்த்தைகள்தானே. சுவிட்சைப் போட்டதும் மெஷின் முதலில் தேதி கேட்கும். அந்த மெஷினுக்கு அணைத்தால் நேற்றும் இன்றும் மறந்துபோகும், தினமும் நாம்தான் தேதி சொல்ல வேண்டும். அதைப் போட்டுவிட்டு 'காலை' அடிக்க வேண்டும். வேன் கிளம்பும் முன் 'மாலை' அடித்து அதே தேதியைப் போட வேண்டும். பழகிய நாட்களில் தேதியை நான்தான் பக்கத்திலிருந்து சொல்லிவிடுவேன். அக்கா ஒற்றை விரலால், தராசு முள்ளைப் பார்க்கிற அதே கவனத்தோடு அடித்துப் பழகினார். ஒரு வாரத்தில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

நான் கடைசியாக வேலை பார்த்தது ஒரு புதன்கிழமை. கணக்குப்படி பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. என் மகள் அவசரக்காரி, அந்த வாரமே வந்துவிட்டாள். எங்கள் வீட்டு வழக்கப்படி நாற்பது நாள் வாசலைத் தாண்டக் கூடாது. உம்மா அந்த விஷயத்தில் போலீஸ்காரர் மாதிரி.

அடுத்த வாரத்தில் ஒரு முற்பகல், தெருப்பக்கத்து ஜன்னலில் யாரோ தட்டினார்கள். உம்மா திறந்தார். அக்கா நின்றார். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, மெட்ராஸ் ஆபீசர் வந்து குந்திக்கினு கீறாரு. புதன்கெழம சரக்கு வெவரமே காணோமாம். அதுக்கப்புறம் எல்லா நாளும் ஒளறி கீதாம். மெஷின வேன்ல ஏத்தினு போறேன்றாரு. ஐஸ் போட்டு முடிச்சதும் கெளம்பிடுவாங்க."

மடியில் குழந்தை. புதன்கிழமை நான் ஏற்றியது. நானே ஃப்ளாப்பியை டிபன் பாக்ஸில் வைத்துக் கொடுத்தேன். அது எப்படிக் காணாமல் போகும்? ஃபைலின் பெயரே தேதிதானே என்று தோன்றியதும் கேட்டேன். "அக்கா, காலைல மெஷின் தேதி கேக்குதுல்ல? என்ன தேதி போடுறீங்க?"

"பாடு எந்த நாளோ அந்தத் தேதிதான். வேற இன்னா போடுவாங்க?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டலாம் என்பதற்கு முறை உண்டு. அதற்குப் பெயர்தான் பாடு. இன்றைக்கு உன் பாடு என்றால் நாளைக்கு என் பாடு. அந்த நாள் பாடு உள்ளவர் சாயங்காலம் வலை கட்டி, மறுநாள் விடியும்போது தூக்குவார். தூக்குவது வியாழக்கிழமை என்றாலும் அந்த இறால் புதன்கிழமைப் பாட்டு இறால்தான். பிறந்ததிலிருந்து தன் நைனா வலையோடு போய் வருவதைப் பார்த்த அக்காவுக்கு, இறாலின் தேதி என்றால் வலை கட்டிய தேதிதான். கடைத்தெருவில் வளர்ந்த எனக்கு அது எடை போட்ட தேதி. மெஷினோ 'புதிய தேதி?' என்று இங்கிலீஷில் மொட்டையாகக் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு நியாயமான பதிலைச் சொல்லியிருக்கிறோம்.

ஆக, வியாழக்கிழமை அக்கா உட்கார்ந்ததும் புதன்கிழமைத் தேதியைப் போட்டிருக்கிறார். அவருடைய ஃபைல் என்னுடைய ஃபைலின் மேல் ஏறிவிட்டது. மெட்ராஸில் அந்த ஃப்ளாப்பியைப் போட்டபோது அங்கே இருந்த என் புதன்கிழமையும் அதே மாதிரி போயிருக்கும். அன்றிலிருந்து எல்லாம் ஒரு நாள் பின்னால். அக்காவிடம் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது.

"அப்ப என்னாலதான் போச்சா?"

"இருங்க அக்கா" என்றேன். எனக்கு அந்த அதிகப்படியான வரி ஞாபகம் வந்துவிட்டது. அதே பெயரில் ஒன்று இருந்தால் பழசு என்று ஓரமாக வை. என் புதன்கிழமை பெட்டிக்குள் பழசாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்று. அந்த வரி ஒரே ஒரு பழசைத்தான் வைத்துக்கொள்ளும். வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா 'மாலை'யை இரண்டு முறை அடித்திருந்தால் என் ஃபைல் நிஜமாகவே தொலைந்தது.

"வியாழக்கெழம சாயந்திரம் கரென்ட் போச்சா? மாலை திரும்ப அடிச்சீங்களா?"

அக்கா கண்ணை மூடி யோசித்தார். அந்த யோசனை முடிவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "இல்லம்மா. ஒரு வாட்டிதான். அன்னிக்கி கரென்ட் நல்லாதான் இருந்துச்சி."

சிரித்தேனா அழுதேனா தெரியாது, இரண்டும்தான். நான் எழுந்து சேலையை இழுத்துச் செருகியதும் உம்மா கதவை மறித்து நின்றுவிட்டார். "பச்ச ஒடம்பு. காத்து பட்டா என்னாவுறது? அந்த மெஷின் போனாப் போவட்டும்."

போக முடியாது. சரி, சொல்லி அனுப்ப முடியுமே. "எழுதிக்குங்க அக்கா" என்றேன். எங்கள் வீட்டில் காகிதம் தேடுவதற்குள், அக்கா இடுக்கியிருந்த பலகையை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். ஐஸ் பெட்டியின் மர மூடி. பெட்டியில் ஊர்ப் பெயர் போடும் சாக்குக்கட்டியும் இடுப்பிலேயே இருந்தது. வேலைக்கு நடுவில் அப்படியே ஓடி வந்திருக்கிறார்.

முதலில் 'காலை'யைப் புதிதாகச் சொன்னேன். சுவிட்சைப் போட்டதும் மெஷின் இங்கிலீஷில் கேட்கும் கேள்விக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், என்டரைத் தட்டிவிடுங்கள். 'காலை' அடித்ததும் அது நம் பேச்சில் கேட்கும். திரையில் காட்டச் சொல்லும் எக்கோ கட்டளையைப் போட்டு, அதன் பக்கத்தில் 'வலை தூக்கின நாள் என்ன?' என்று இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டும், அடுத்த வரியில் தேதியை வாங்கிக்கொள்ளும் கட்டளை. எக்கோவுக்கு எழுத்து சொல்லி முடிப்பதற்குள் குழந்தை அழ ஆரம்பித்தது. உம்மா வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பெட்டியின் பெயருக்குப் பக்கத்தில் சாய்ந்த கோடு ஒன்று வரும், அது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில் எங்களுக்குள் ஒரு சண்டையே நடந்தது. கடைசியில் ஜன்னல் கம்பிக்குள் கையை நீட்டி நானே வரைந்து காட்டினேன்.

அடுத்தது ஒரு நாள் பின்தங்கிய ஃபைல்களை முன்னால் நகர்த்துவது. பெயர் மாற்றும் கட்டளைதான். ஆனால் வியாழனில் தொடங்கினால் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று மெஷின் மறுத்துவிடும். இதை எப்படிச் சொல்வது என்று திணறினேன். அக்காவுக்குச் சட்டென்று பிடிபட்டது. "கரையில வரிசையா கட்டின படகு மாதிரின்னு சொல்லு. ஓரத்து படக மொதல்ல நவுத்தணும், அப்பதான் பின்னாடி இருக்கிறது நவுரும்." அதேதான். நேற்றுப் பெயரில் இருப்பதை இன்றைக்கு, அதற்கு முந்தியதை நேற்றைக்கு. கடைசியில் புதன்கிழமை இடம் காலியாகும். அங்கே என் பழசைக் கொண்டு வந்து வை.

"சாக்குக்கட்டி அழியாம பாத்துக்குங்க" என்று சொல்வதற்குள் அக்கா மூடியை இரண்டு கையிலும் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு ஓடிவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு ஜன்னல்தான் கதி. கரையிலிருந்து பொன்னேரி சாலைக்குப் போகும் வேன் எங்கள் தெரு வழியாகத்தான் திரும்பும். வேனில் என் மெஷின் இருந்தால் ஜன்னலிலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தேன். புதிய 'காலை'யை அக்கா வரி வரியாக அடிக்க வேண்டும். அப்படி நேராக அடிக்கும்போது ஒரு வரி தப்பாக என்டர் தட்டிவிட்டால் திரும்பிப் போய்த் திருத்த முடியாது, முதலிலிருந்து அடிக்க வேண்டும். ஒற்றை விரலால். பின்னால் ஆபீசர் நின்றுகொண்டு.

வேன் வந்தது. எங்கள் வீட்டு வாசலில் நின்றது. பின்கதவு இடுக்கில் ஐஸ் பெட்டிகள் மட்டும்தான் தெரிந்தன. அப்போதும் நம்பிக்கை வரவில்லை. அதிகாரி முன்னாலிருந்து இறங்கினார். வாசலில் திகைத்து நின்ற என் வாப்பாவைப் பார்த்துக் கைகுவித்தார்.

"உங்க பொண்ணு எழுதின அந்த காலை, மாலை ரெண்டையும் ஃப்ளாப்பியில எடுத்துட்டுப் போறேன். எங்க மத்த கிளைகளுக்கும் போடலாம்னு இருக்கேன். சொல்லிட்டுப் போகணும்னு தோணுச்சு" என்றார். கொஞ்சம் நின்று, "அந்த அம்மா ஒரு பெட்டி மூடியப் பார்த்து மெஷின சரி பண்ணினாங்க. இதுவரைக்கும் நான் இப்படி ஒண்ணப் பாத்ததில்ல" என்று சேர்த்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். சிரித்ததை அவரே திரும்ப எடுத்துக்கொண்டார் என்று நான் அன்றைக்கே கணக்கை முடித்துவிட்டேன்.

வாப்பா கடைக்குப் போகவில்லை. அன்று முழுக்கத் தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "எம் பொண்ணு எழுதினது மெட்ராஸ் போகுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என்ன எழுதினேன் என்று ஒருவர் கேட்டதற்கு, "காலை, மாலை" என்றார் கம்பீரமாக. கேட்டவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார். பிற்பாடு ஆந்திரா பக்கத்துக் கிளையிலும் அவை ஓடின என்று டிரைவர் வந்து சொன்னார். தெலுங்கு பேசுகிற பையன்கள் தினமும் சாயங்காலம் அர்த்தம் தெரியாமலே 'மாலை' என்று அடிக்கிறார்களாம். அதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் தூங்கிய குழந்தை எழுந்துவிட்டது.

நாற்பது கழிந்து, மகளைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். சாயங்கால நேரம். மெஷின் முன்னால் அக்கா உட்கார்ந்திருந்தார். சுவரில், ஃபேனுக்குக் கீழே, அந்த மூடியை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். சாக்குக்கட்டி எழுத்தின் மேலேயே யாரோ பெயின்டால் எழுதியிருந்தார்கள். நான் நாற்காலியைப் பிடித்ததும், "இரு தங்கச்சி, இன்னிக்கி மட்டும் நான் முடிச்சிர்றேன்" என்று தள்ளிவிட்டார். 'மாலை' என்று அடித்தார். வரிகள் ஓடின, பிரிண்டர் கத்தியது. மகள் அந்தச் சத்தத்துக்கு அழுவாள் என்று பார்த்தால் கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து திரை அணைந்ததும் அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ வூட்ல பட்த்துனு இருந்தன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு அப்பிடித் தோணல. தெனமும் சாயந்திரம் நீதான் வந்து மெஷின மூடிட்டுப் போன" என்றார்.

அதற்கப்புறம் எத்தனையோ மெஷின்கள் பார்த்துவிட்டேன், எத்தனையோ கட்டளைகள் எழுதிவிட்டேன். ஒவ்வொன்றையும் முடிக்கும் முன், இதை நான் இல்லாத நாளில் தொடப்போகிறவருக்கு இந்தக் கேள்வி அவர் பேச்சில் புரியுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வேன். வாசலைத் தாண்ட முடியாமல் கிடந்த நாட்களிலும் என் வேலை கரையில் தவறாமல் நடந்துகொண்டிருந்தது என்ற நினைப்பு, அதன் பிறகு எனக்குக் கிடைத்த எந்தப் பாராட்டையும்விட இன்றைக்கும் எனக்கு இனிக்கிறது.